ஓய்வுக்கால நாட்டைத் தேடியபோது நாங்கள் கேட்காமல் விட்ட கேள்வி

பணி ஓய்வுக்குப் பிறகு எந்த நாட்டில் வாழ்வது என்பதை நானும் என் கணவரும் ஒரு விரிதாளை வைத்துத்தான் முடிவு செய்தோம். அதில் 9 நாடுகள் இருந்தன. ஒவ்வொரு நாட்டுக்கும் வாடகை, மருத்துவம், விசா நிபந்தனை, வரி, தட்பவெப்பம், பயண நேரம் என்று 14 தலைப்புகளில் நாங்களே மதிப்பெண் போட்டிருந்தோம். கணக்குத் துறையில் 30 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர் அவர்; எதையும் எழுதிக் கூட்டிப் பார்க்காமல் நம்பமாட்டார். அவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்த நாட்டில், குடியேறிய 13 ஆவது மாதத்தில் அவரை இழந்து, வங்கியில் இருந்த பணத்தைத் தொட முடியாமல், தங்கும் அனுமதி முடிவதற்கு 7 வாரங்களே இருந்த நிலையில் நான் தனியாக நின்றேன். அந்த 14 தலைப்புகளில் ஒன்றுகூட, இருவரில் ஒருவர் இல்லாமல் போனால் மற்றவரின் நிலை என்ன என்று கேட்கவில்லை. இப்படியொரு முடிவை எடுக்கவிருக்கும் தம்பதியருக்குப் பயன்படும் என்பதற்காகவே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

2019 இல் எங்கள் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது மலேசியா. தமிழ் காதில் விழும் நாடு, நல்ல மருத்துவமனைகள், அளவான செலவு. 'மலேசியா மை செகண்ட் ஹோம்' என்ற திட்டத்தில், 50 வயதைக் கடந்தவர்கள் மாதம் 10,000 ரிங்கிட் வெளிநாட்டு வருமானத்தைக் காட்டி, 1,50,000 ரிங்கிட் நிரந்தர வைப்பு வைத்தால் 10 ஆண்டுகள் தங்கலாம் என்ற நிலை அப்போது இருந்தது. முகவருக்கும் ஆவணங்களுக்குச் சான்று பெறுவதற்கும் 1,800 டாலர் வரை செலவிட்டு எல்லாவற்றையும் தயார் செய்து வைத்திருந்தோம். 2020 ஆகஸ்டில் அந்தத் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2021 அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டபோது கேட்கப்பட்ட மாத வருமானம் 40,000 ரிங்கிட், வைப்புத் தொகை 10 லட்சம் ரிங்கிட், அனுமதிக் காலம் 5 ஆண்டுகள். எங்கள் ஓய்வூதியத்தையும் சேமிப்பையும் எப்படிக் கூட்டினாலும் அந்த எல்லையை எட்ட முடியவில்லை. இரண்டு ஆண்டுக் கனவு ஓர் அறிவிப்பில் முடிந்துபோன அந்த வாரம் அவர் விரிதாளைத் திறக்கவே இல்லை.

போர்ச்சுகலையும் பார்த்தோம். சொந்த வருமானத்தில் வாழ்பவர்களுக்கான டி7 விசாவுக்கு அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டிய வருமானம் போதும். வெளிநாட்டு ஓய்வூதியத்திற்கு 10 ஆண்டுகளுக்கு 10 சதவீத வரிதான் என்ற சலுகையும் அப்போது இருந்தது. அந்தச் சலுகை 2009 இல் தொடங்கியபோது ஓய்வூதியத்திற்கு வரியே இல்லை. 2020 இல் 10 சதவீதமானது. 2024 இல் புதியவர்களுக்கு மூடப்பட்டது. மகள் வசிக்கும் கனடாவில் பெற்றோருக்கான சூப்பர் விசாவில் ஒரு வருகைக்கு 5 ஆண்டுகள் வரை தங்கலாம். ஆனால் அது குடியேற்றம் அல்ல. அரசு மருத்துவம் நமக்குக் கிடையாது. குறைந்தது 1 லட்சம் கனடா டாலருக்குத் தனியார் காப்பீடு எடுத்தாக வேண்டும். இந்த மூன்று நாடுகளையும் பார்த்த அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். ஒரு நாட்டின் இன்றைய நிபந்தனை என்ன என்பதோடு நிறுத்திவிடாமல், கடந்த 10 ஆண்டுகளில் அது எத்தனை முறை மாறியது, மாறியபோது ஏற்கெனவே அங்கு குடியிருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் தேடிப் பாருங்கள். நாங்கள் இன்றைய நிபந்தனைக்கு மட்டுமே மதிப்பெண் போட்டோம்.

கடைசியில் தாய்லாந்தைத் தேர்ந்தெடுத்தோம். 50 வயதைக் கடந்தவர் அங்குள்ள வங்கியில் 8 லட்சம் பாட் வைத்திருந்தாலோ, மாதம் 65,000 பாட் வருமானத்தைக் காட்டினாலோ ஆண்டுக்கு ஒருமுறை ஓய்வுக்காலத் தங்கும் அனுமதியைப் புதுப்பித்துக்கொள்ளலாம். வங்கிப் பணத்தைக் காட்டுவோருக்கு நுணுக்கமான விதிகள் உண்டு. விண்ணப்பிப்பதற்கு 2 மாதங்களுக்கு முன்பே பணம் கணக்கில் இருக்க வேண்டும். அனுமதி கிடைத்த பிறகு 3 மாதங்கள் அப்படியே இருக்க வேண்டும். ஆண்டின் மற்ற மாதங்களிலும் 4 லட்சத்துக்குக் கீழே போகக்கூடாது. கணவன் மனைவி இருவரும் தனித்தனியாக விண்ணப்பித்தால் இரண்டு 8 லட்சம் தேவை. ஒருவர் ஓய்வுக்கால அனுமதி பெற்று, மற்றவர் அவரைச் சார்ந்தவராக அனுமதி பெற்றால் ஒரே 8 லட்சம் போதும். இன்னொரு 8 லட்சத்தை முடக்கி வைப்பது வீண் என்று எங்கள் இருவருக்குமே தோன்றியது. கணக்கு அவர் பெயரில், அனுமதி அவர் பெயரில், நான் அவரைச் சார்ந்தவள். பின்னால் வந்த துன்பம் அனைத்தும் நிதானமாகப் பேசி எடுத்த இந்த ஒரு முடிவிலிருந்தே கிளைத்தது.

ஊரைப் பார்த்து வரலாம் என்று 2022 டிசம்பரில் 3 வாரம் சியாங் மாய் நகரில் தங்கினோம். காலையில் மெல்லிய குளிர், தெளிந்த வானம், நகருக்கு மேற்கே பச்சை மலை. அந்த மூன்று வாரங்களை நம்பி 2023 ஆகஸ்டில் இரண்டு பெரிய பெட்டிகளோடு குடிபெயர்ந்தோம். வந்த அடுத்த மாதமே வரி அறிவிப்பு வந்தது. ஓர் ஆண்டில் 180 நாட்களோ அதற்கு மேலோ தங்குபவர், 2024 ஜனவரி 1 முதல் உள்ளே கொண்டுவரும் வெளிநாட்டு வருமானத்திற்கு, அதை எந்த ஆண்டில் ஈட்டியிருந்தாலும் வரி கட்ட வேண்டும் என்றார்கள். 2024க்கு முன் ஈட்டிய பணத்திற்கு அது பொருந்தாது என்ற விளக்கம் பிறகே வந்தது. வரி ஆலோசகருக்கு 12,000 பாட் கொடுத்த பிறகு நாங்கள் கற்றுக்கொண்டது எளிமையானது: பழைய சேமிப்பைத் தனிக் கணக்கில் வைத்து, 2023 டிசம்பர் 31 தேதியிட்ட வங்கி அறிக்கையை எடுத்து வைத்துக்கொள்வது. எந்த நாட்டுக்குப் போவதாக இருந்தாலும், குடிபெயரும் நாளன்று உங்களிடம் எவ்வளவு இருந்தது என்பதற்கு ஒரு தாளை வாங்கி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

2024 பிப்ரவரி நடுவில் ஒரு காலை சன்னலைத் திறந்தேன். மலையைக் காணவில்லை. பனிமூட்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். வெயில் ஏறிய பிறகும் அது கலையவில்லை. வயல்களில் அறுவடை மிச்சத்தை எரிப்பதும், காட்டுத்தீயும், எல்லை தாண்டி வரும் புகையும் சேர்ந்து, மலைகள் சூழ்ந்த அந்தக் கிண்ணத்தில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தங்கிவிடுகின்றன. காற்றில் உள்ள நுண்துகள் ஒரு நாள் சராசரியாகக் கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் 2021 ஆம் ஆண்டு வழிகாட்டுதல். எங்கள் வீட்டுக் கருவி மார்ச் மாதத்தில் பல நாட்கள் 150க்கு மேல் காட்டியது. மூச்சிரைப்பு இருந்த அவர் இரவில் இரண்டு தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூங்கினார். சன்னல் விளிம்புகளில் நாங்கள் ஒட்டிய பட்டைகளில் சாம்பல் நிறக் கோடு படிந்திருந்தது. துடைத்த துணி மறுநாளும் கறுத்தது. இரண்டு காற்றுச் சுத்திகரிப்பான்கள், பிறகு கடற்கரை நகரமான ஹுவா ஹின்னில் 5 வாரத் தனி வாடகை என்று 70,000 பாட் செலவானது. அந்த ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த செய்தி இது. நாங்கள் டிசம்பரில் பார்த்தோம், டிசம்பரைப் பற்றியே கேட்டோம். ஓர் ஊரைச் சோதிக்கப் போகிறீர்கள் என்றால் அதன் மிக மோசமான பருவம் எது என்று கண்டுபிடித்து, அந்த மாதத்தில் வாடகை வீட்டில், சமைத்து, துவைத்து, பொழுதைக் கழித்துப் பாருங்கள். விடுதியில் தங்குவது சோதனை ஆகாது.

மருத்துவக் காப்பீட்டைப் பற்றிச் சொல்லும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது, முக்கியமாக என் மேல். அவர் 64 வயதில் புதிய காப்பீடு எடுத்தார். இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை எடுப்பதை உண்மையாக எழுதினார். அதன் விளைவாக, இரத்த அழுத்தமும் அது தொடர்பான நோய்களும் சேராது என்ற வரி ஒப்பந்தத்தில் சேர்ந்தது. ஆண்டுக்கு 95,000 பாட் கட்டிக்கொண்டிருந்ததால் எங்களுக்குப் பாதுகாப்பு இருப்பதாகவே நம்பினோம். அது தொடர்பான நோய்கள் என்றால் என்னென்ன என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்கியிருந்தால், பக்கவாதமும் மாரடைப்பும் அதற்குள் அடங்கும் என்று தெரிந்திருக்கும். அந்த வயதில் யாருக்கும் வரக்கூடிய பெரிய ஆபத்துகளே அவைதானே! நாட்டைத் தேர்ந்தெடுத்த பிறகு காப்பீட்டைத் தேடுவது தலைகீழான வேலை. உங்கள் வயதுக்கும் உங்கள் நோய்க்கும் எந்த நாட்டில் என்ன நிபந்தனையில் காப்பீடு கிடைக்கிறது என்று முதலில் எழுத்தில் வாங்குங்கள். விலக்குகளை விட்டுவிட்டுப் பிரீமியத்தை மட்டும் ஒப்பிட்டால் எங்களைப் போல ஏமாறுவீர்கள்.

2024 செப்டம்பரில் ஓர் இரவு, 2 மணி இருக்கும், குளியலறையில் ஏதோ விழும் சத்தம் கேட்டது. வலது கையைத் தூக்க முடியாமல், பேச வாய் எழாமல் அவர் தரையில் கிடந்தார். அவசர எண் 1669 என்று எனக்குத் தெரியும். எண்ணை அழுத்தினேன், பேசினார்கள். எங்கள் முகவரியை மறுமுனையில் இருந்தவருக்குப் புரியும்படி சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஓராண்டாக அந்த முகவரியை ஆங்கிலத்திலேயே எழுதிப் பழகியிருந்தேன். செருப்புகூடப் போடாமல் மூன்று மாடி இறங்கி ஓடி, காவலாளியின் கையில் போனைக் கொடுத்தேன். அவர் இரண்டே வரியில் சொல்லி முடித்தார். பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் மூளை செல்கள் சாகின்றன என்று பின்னர் மருத்துவர் விளக்கியபோது, நான் இழந்த அந்த 10, 15 நிமிடங்கள் நெஞ்சில் குத்தின, இன்றும் குத்துகின்றன. வேற்று மொழி நாட்டில் வாழ்பவர்கள் முகவரி, மாடி எண், நோயின் பெயர், எடுக்கும் மருந்துகள் ஆகியவற்றை அந்நாட்டு எழுத்திலும், பக்கத்திலேயே உச்சரிப்பைத் தமிழிலும் எழுதிக் கதவருகே ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். நூறு முறை சொல்லிப் பழகுங்கள்.

தனியார் மருத்துவமனையில் சேர்ப்பதற்கு முன்பணம் கேட்டார்கள். என் கடன் அட்டையில் அதன் உச்ச வரம்பு வரை எடுத்தேன்; மீதியை மகள் அனுப்பினாள். 9 நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். மொத்தம் 7,80,000 பாட், ஏறத்தாழ 23,000 டாலர். காப்பீட்டு நிறுவனம் விலக்கைக் காட்டி ஒரு பாட்கூடத் தரவில்லை. பத்தாவது நாள் அதிகாலையில் அவர் போய்விட்டார்.

இறப்புச் சான்று, தூதரகப் பதிவு, தகனம் எல்லாம் முடிந்த பிறகு வங்கிக்குப் போனேன். கணக்கு வைத்திருந்தவர் இறந்துவிட்டார் என்று உள்ளபடியே சொன்னேன். கணக்கு முடக்கப்பட்டது. இறந்தவரின் பணத்தை எடுக்க, நீதிமன்றம் நியமிக்கும் சொத்து நிர்வாகி வேண்டும், மனைவி என்ற உறவு மட்டும் போதாது என்று அங்கிருந்த பெண் அலுவலர் என் கையைப் பிடித்துக்கொண்டு விளக்கினார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்நாட்டுச் சட்டம் அது. கணவருடைய அட்டையும் ரகசிய எண்ணும் என்னிடம் இருந்தன. வங்கிக்குச் சொல்லாமலேயே எடுத்திருக்கலாமே என்று பின்னர் சிலர் கேட்டார்கள். அப்படி எடுப்பது குற்ற வழக்கில் போய் முடியலாம் என்று வழக்கறிஞர் எச்சரித்தார். என் பெயரில் இருந்த சிறிய கணக்கில் அன்று 43,000 பாட் இருந்தது.

அடுத்து குடியேற்ற அலுவலகம். என் அனுமதி அவரைச் சார்ந்தது. நவம்பர் நடுவில் முடிகிறது. புதுப்பிக்க அடிப்படை இல்லை. நானே ஓய்வுக்கால அனுமதி கேட்கலாமா என்றேன். வயது இருக்கிறது, கேட்கலாம். ஆனால் 8 லட்சம் பாட் என் பெயரில் 2 மாதங்களாக இருந்திருக்க வேண்டும். எங்கள் 8 லட்சம் முடக்கப்பட்ட கணக்கில் இருந்தது. மகள் அன்றே கடன் வாங்கி அனுப்பினாலும் 7 வாரத்தில் 2 மாதம் ஆகாது. எண்களால் நாங்கள் கட்டிய வீடு எண்களாலேயே இடிந்த நாள் அது. வெளியே வந்து வெயிலில் ஒரு சிமென்ட் திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அழுகைகூட வரவில்லை. வரிசை எண் அச்சிட்ட சீட்டு கையிலேயே இருந்தது, 117.

நவம்பர் முதல் வாரத்தில் வீட்டைக் காலி செய்து நாட்டை விட்டுக் கிளம்பினேன். ஒப்பந்தக் காலம் முடியாததால் 36,000 பாட் முன்பணம் திரும்பி வரவில்லை. வழக்கறிஞருக்கு 60,000 பாட். ஆவணங்களைத் தாய்லாந்து மொழியில் மொழிபெயர்த்துச் சான்று பெற 35,000 பாட். வாரிசுகள் யார் யார் என்று நீதிமன்றத்துக்குக் காட்ட மகளின் பிறப்புச் சான்றும், நான் நிர்வாகியாவதற்கு அவளுடைய ஒப்புதல் கடிதமும் கேட்டார்கள். அந்தக் கடிதத்தை அவள் கனடாவில் உள்ள தாய்லாந்துத் தூதரகத்தில் சான்றளித்து அனுப்பினாள். விசாரணைக்கு நான் மீண்டும் தாய்லாந்துக்கு நேரில் வர வேண்டியிருந்தது. 2025 மார்ச்சில், மீண்டும் அந்தப் புகைக்குள், நீதிமன்றத்தில் நின்று அவர் என் கணவர் என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொன்னேன். மே மாதம் பணம் விடுவிக்கப்பட்டது. மருத்துவமனைச் செலவு, விமானப் பயணம் எல்லாம் சேர்த்து நாங்கள் இழந்தது 11 லட்சம் பாட்டுக்கு மேல். போன காலம் எட்டு மாதம்.

இருவராகச் செல்பவர்களுக்குச் சொல்ல வேண்டியவை என்னிடம் சிலவே உள்ளன, ஆனால் அவற்றை மன்றாடிச் சொல்கிறேன். இருவருக்கும் தனித்தனி அனுமதி, தனித்தனி வங்கிக் கணக்கு. அந்த இரண்டாவது 8 லட்சத்தை முடங்கிய பணமாக நினைக்காதீர்கள். தனியாக மிஞ்சப்போகிறவரின் ஆறு மாத வாழ்க்கை அது. அந்த நாட்டில் இருக்கும் சொத்துக்கு மட்டும் அந்த நாட்டு முறைப்படி தனி உயில் எழுதி, நிர்வாகி யார் என்று அதிலேயே பெயர் குறிப்பிடுங்கள். உயில் இருந்தாலும் நீதிமன்றம் செல்ல வேண்டியிருக்கும்; ஆனால் வேலை வேகமாக முடியும். இன்னொரு எச்சரிக்கை: முந்தைய உயில்கள் அனைத்தும் ரத்து என்ற வழக்கமான வரி அதில் நுழைந்துவிட்டால், சொந்த நாட்டில் எழுதிய உயிலும் செல்லாமல் போய்விடக்கூடும். வழக்கறிஞர் தரும் வரைவில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள். வீட்டில் எல்லாவற்றையும் ஒருவரே பார்த்துக்கொள்வது அன்பு என்று நானும் நினைத்திருந்தேன். அவர் இருந்தவரை, 90 நாட்களுக்கு ஒருமுறை முகவரியைப் பதிவு செய்யும் கடமையைக்கூட நான் ஒருமுறையும் செய்ததில்லை. மாதத்தில் ஒரு நாள் பொறுப்பை மாற்றிக்கொள்ளுங்கள்: வங்கிக்கும் குடியேற்ற அலுவலகத்துக்கும் மருந்தகத்துக்கும் மற்றவர் தனியாகப் போய் வரட்டும். அந்த ஒரு நாளே தாங்க முடியாததாக இருந்தால், அந்த நாடு உங்கள் இருவருக்குமான நாடு அல்ல.

இப்போது சூப்பர் விசாவில் மகளோடு இருக்கிறேன். அடுத்து எங்கே வாழ்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. போன மாதம் அவருடைய விரிதாளை முதல் முறையாகத் தனியாகத் திறந்தேன். 15 ஆவது தலைப்பாக 'ஒருவர் மட்டும் மிஞ்சினால்' என்று சேர்த்தேன். நேர்மையாகச் சொன்னால், தாய்லாந்துக்கு அதில் நான் மோசமான மதிப்பெண் போடவில்லை. தனி அனுமதியும் தனிக் கணக்கும் உயிலும் இருந்திருந்தால் நான் அங்கேயே, புகை வரும் மாதங்களில் மட்டும் இடம் மாறி, நிம்மதியாக வாழ்ந்திருக்க முடியும். மற்ற நாடுகளுக்கு ஒவ்வொன்றாகத் தூதரகத்துக்கும், வழக்கறிஞர்களுக்கும், அங்கே வாழும் கைம்பெண்களுக்கும் எழுதிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான்கு நாடுகளுக்கு எதிரே அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. பதில் கிடைக்கும்வரை அவற்றின் மொத்த மதிப்பெண்ணைக் கூட்டப்போவதில்லை.